இரண்டாம் பதிப்பின் மாப்பிள்ளை

1803 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, லண்டனில் ஷூ லேனை ஒட்டிய சந்தில் இருந்த அச்சகம் ஒன்றுக்கு 'வின்மோர் குடும்பம்' என்ற நாவலின் மூன்று தொகுதிகளும் இரண்டாம் பதிப்புக்காக வந்து சேர்ந்தன. முதல் பதிப்பின் பிரதியிலேயே ஆசிரியை மையால் திருத்தியிருந்தார். முகப்பில் அவர் பெயர் இல்லை. 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது.

அங்கே நான் மெய்ப்புத் திருத்துபவன். பன்னிரண்டு ஆண்டுகளாக நாவல்கள்தான் என் கண்ணைத் தின்றுகொண்டிருந்தன. நாவலில் அயர்லாந்துக்காரன் வந்தால் சொத்துள்ள பெண்ணைத் தேடிக்கொண்டு வருவான். யூதன் முதல் தொகுதியிலேயே வட்டிச் சீட்டோடு வாசலில் நிற்பான். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்த பணக்காரப் பெண்ணுக்கு மூன்றாம் தொகுதியில் காய்ச்சல் கண்டு உயிர் போகும். கறுப்பு வேலைக்காரன் எஜமானின் காலைக் கட்டிக்கொண்டு நன்றியில் அழுவான். நான் ஸ்காட்லாந்துக்காரன். என் ஊர்க்காரன் வரும்போதெல்லாம் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். இவர்களையெல்லாம் எழுத்துப்பிழை இல்லாமல் வெளியே அனுப்பிவைத்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.

'வின்மோர் குடும்ப'த்தில் ஒருவன் மட்டும் இந்த வரிசையில் நிற்கவில்லை. ஆன்டிகுவா தீவில் பிறந்த கறுப்புக் கப்பல் தச்சன் கேட்டோ. அவன் யார் காலையும் கட்டுவதில்லை. மூன்றாம் தொகுதி ஒன்பதாம் அத்தியாயத்தில், மாவு ஆலைக்காரரின் மகள் சூசனை ஊரறியத் தேவாலயத்தில் மணக்கிறான். ஆசிரியை அதை நான்கு பக்கத்தில், எந்த ஆச்சரியக்குறியும் இல்லாமல் எழுதியிருந்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அத்தியாயத்துக்கு எழுத்துக் கோத்தவன் அம்ப்ரோஸ் கெர். டெட்ஃபோர்டில் பிறந்தவன். அப்பா ஆன்டிகுவாவிலிருந்து வந்த கறுப்பு மாலுமி, அம்மா கென்ட் பக்கத்து வெள்ளைக்காரி. அதே கோடையில் அவன் தொப்பி தைக்கும் வெள்ளைக்காரப் பெண் ஹெஸ்டர் பெல்லைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று ஞாயிறுகள் தேவாலயத்தில் திருமண அறிவிப்பு வாசித்தபோதும் ஒருவர்கூட எழுந்து ஆட்சேபிக்கவில்லை என்பதை அவன் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

புதிய பிரதியில் கேட்டோவின் பெயர் இருந்த இடமெல்லாம் கோடு போட்டு அடித்து, மேலே ஜான் ஹாப்ஸ், குத்தகை விவசாயி என்று எழுதியிருந்தது. ஆசிரியையின் சகோதரர் எழுதிய கடிதம் ஒன்றும் அந்த அத்தியாயத்தோடு ஊசி குத்தி வந்திருந்தது. வாடகை நூலகங்களின் சந்தாதாரர்கள் முகம் சுளிக்கிறார்களாம். 'குடித்திருந்தாலோ விலைக்கு வாங்கப்பட்டிருந்தாலோ ஒழிய எந்த ஆங்கிலேயப் பெண்ணும் இப்படியொருவனுக்குக் கை நீட்டமாட்டாள்' என்று ஒரு வரி இருந்தது.

முறைப்படி அந்தப் பகுதி மறுபடியும் அம்ப்ரோஸுக்கே விழுந்தது. அவன் அதைப் படித்துவிட்டுப் பக்கத்து மேசை கிடியன் ஸ்டாக்கிடம் நீட்டினான்.

"ஸ்டாக், இத நீ எடுத்துக்க. உன்னோடத நான் கோக்குறேன்."

"ஏம்ப்பா? உன் கல்யாணத்த நீயே அடிச்சு எழுதக் கை வரலையோ?"

"கண்ணு எரியுது."

"கண்ணுதானா, வேற எங்கயாச்சுமா?" என்றான் ஸ்டாக். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பகுதி கைமாறியது.

வியாழக்கிழமை நண்பகலுக்குள் ஸ்டாக் ஆறு பக்கங்களை முடித்து, நூலால் கட்டிக் கல்மேடைமேல் வைத்திருந்தான். 'காப்பி' என்று நாங்கள் சொல்லும் மூலப்படியை வாய்விட்டுப் படித்தபடியே எழுத்துக் கோப்பது அவன் பழக்கம். ஜான் ஹாப்ஸின் கல்யாணத்தைப் பாதிரியார் குரலில் படித்தான். அது முடிந்ததும் கடிதத்தைக் கையில் எடுத்தான். அந்த வரி வந்தபோது அம்ப்ரோஸின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குடிச்சிருந்தாலோ, வெலைக்கு வாங்கியிருந்தாலோ ஒழிய, எந்த ஹெஸ்டர் பெல்லும் இப்படியொருத்தனுக்குக் கை நீட்டமாட்டா. ஆமென்."

நான் எட்டடி தள்ளி நின்றிருந்தேன்.

அம்ப்ரோஸ் ஆறு பக்கங்களையும் ஒரே தள்ளாகத் தள்ளினான். ஈய எழுத்துகள் தரை முழுக்கச் சிதறின. ஸ்டாக் மரச்சுத்தியை எடுத்து அவன் காதோரம் அடித்தான். காது கிழிந்து தொங்கியது. அம்ப்ரோஸ் கீழே விழவில்லை. எழுத்துகளை அடுக்கக் கையில் பிடித்திருந்த இரும்புக் கோப்பானால் ஸ்டாக்கின் வாயில் குத்தினான். இரண்டாவது குத்தில் ஒரு பல் உடைந்தது, மூன்றாவதில் இன்னொன்று. நான்கு பேர் சேர்ந்து பிரித்தபோது இருவரும் எழுத்துகள்மேல் புரண்டுகொண்டிருந்தார்கள். அம்ப்ரோஸின் உள்ளங்கையில் ஈயம் குத்தி நின்றது.

அச்சகங்களில் தொழிலாளர் தங்களுக்குள் வைத்திருக்கும் மன்றத்துக்குச் சேப்பல் என்று பெயர். அதன் தலைவராக இருக்கும் மூத்தவரைத் 'தந்தை' என்போம். எங்கள் தந்தை ஒபதயா க்ரௌச்சுக்கு அறுபத்தெட்டு வயது. குற்றம் செய்தவன் எல்லாருக்கும் பீர் வாங்கித் தந்தால் கணக்குத் தீர்ந்தது. மறுத்தால் கல்மேடையில் குப்புறப் படுக்கவைத்து, ஈரக் காகிதம் சுமக்கும் பலகையால் பதினோரு அடி. முதலாளி இதில் தலையிடமாட்டார். அன்றும் அவர் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார்.

சண்டைக்கு ஸ்டாக் உடனே பீர் ஒப்புக்கொண்டான். க்ரௌச் அம்ப்ரோஸைப் பார்த்தார்.

"எழுத்தக் கொட்டினது தப்பு, ஒத்துக்கறேன். அடிச்சதும் தப்பு. பீர் வாங்கித் தர்றேன்," என்றான் அம்ப்ரோஸ். "ஆனா என் பொண்டாட்டியச் சொன்னதும் தப்புன்னு சேப்பல் சொல்லணும். ஒரு வார்த்தை போதும்."

"அவன் காப்பியத்தானேடா படிச்சான்? காப்பியில இருக்கறதப் படிக்கிறவன்மேல குத்தம் கெடையாது. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து இதான் சட்டம்."

"காப்பியில ஹெஸ்டர்னு இருக்கா?"

"நான் ஹெஸ்டர்னு சொல்லல," என்றான் ஸ்டாக். வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "சூசன்னு சொன்னேன். இவன் காதுல அதான் சதா ஓடுது போல."

காகிதம் சுமப்பவர்களும் அச்சு இழுப்பவர்களும் அப்போது மற்ற அறையில் இருந்ததால் எதையும் கேட்டிருக்கவில்லை. பக்கத்தில் இருந்து கேட்ட இருவர் ஸ்டாக்கின் ஊர்க்காரர்கள். க்ரௌச் என்னிடம் திரும்பினார்.

"மக்ரே, அந்தக் கடுதாசி காப்பியோடதானே வந்துச்சு?"

"ஆமா."

"அவன் படிச்ச வரி அதுல இருக்கா?"

"இருக்கு."

"பேரச் சொல்லுங்க மக்ரே," என்றான் அம்ப்ரோஸ். "என்ன பேரு சொன்னான்? உங்க காதுல விழுந்துச்சு, நான் பாத்தேன்."

"கேள்வி கேக்கறது நான்," என்றார் க்ரௌச்.

மெய்ப்புத் திருத்துபவன் சேப்பலின் உறுப்பினன் அல்ல. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பீரா, பதினொண்ணா?" என்று க்ரௌச் அம்ப்ரோஸிடம் கேட்டார்.

"பீர் கெடையாது."

அவன் தானாகப் படுத்திருந்தால் அடிகள் சதையில் மட்டும் விழுந்திருக்கும். அவன் படுக்கவில்லை. அவனைப் பிடித்துக் கிடத்த ஐந்து பேர் வேண்டியிருந்தது. மேடையின் விளிம்பில் முகம் மோதி மூக்கு உடைந்தது. வலது கையை விடுவித்துக்கொண்டபோது ஒருவன் அதன்மேல் மண்டியிட்டான். விரல் முறியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சட்டப்படி வழக்கில் சம்பந்தப்பட்டவன் அடிக்கக்கூடாது. சீட்டுப் போட்டதில் ஹார்னட் என்ற அச்சு இழுப்பவனுக்கு விழுந்தது. நாள் முழுக்க அச்சுப்பொறியின் இரும்பு நெம்புகோலை இழுக்கிற தோள்கள் அவனுக்கு.

க்ரௌச் எண்ணினார். முதல் மூன்று அடிகளும் சதையில் விழுந்தன. நான்காவது அடிக்கு அம்ப்ரோஸ் உடம்பை முறுக்கினான், பலகை இடுப்புக்கு மேலே விழுந்தது. ஐந்தாவதும் அங்கேயே விழுந்தது.

"கீழ அடிடா," என்றார் க்ரௌச்.

"இவன் ஆடுறானே, நான் என்ன செய்ய?"

ஏழாவதில் பலகையின் தட்டைப் பக்கம் திரும்பி, விளிம்பு இறங்கியது. அதற்குப் பிறகு அம்ப்ரோஸ் ஆடவில்லை. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. கால்சட்டை வழியாக மூத்திரம் கல்மேடைமேல் ஓடியது. சிவப்பாக இருந்தது. மை என்று நினைத்து ஒருவன் துணியால் துடைத்தான்.

அவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். ஒன்பதாம் நாள், மார்ச் 26 சனிக்கிழமை, இறந்தான்.

திங்கட்கிழமை பக்கத்து மதுக்கடையின் மாடியில் பிரேத விசாரணை நடந்தது. பன்னிரண்டு ஜூரிகள் போய் உடலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். என்னைக் கூப்பிட்டபோது, கேட்கப்படாமலேயே, ஸ்டாக் சொன்ன பெயர் ஹெஸ்டர் பெல் என்று சொன்னேன்.

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பேரால அந்த ஆள் செத்துட்டாருன்னு சொல்றீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது இதுல வராது."

சிறுநீரகத்தில் முன்பே இருந்த நோயால், கடவுளின் சித்தத்தால் நேர்ந்த மரணம் என்று ஜூரிகள் சொன்னார்கள்.

படியில் ஹெஸ்டர் நின்றிருந்தாள். நான் தொப்பியைக் கழற்றினேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள், "சேப்பல் அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருக்கும். அவரும் பீர வாங்கிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பாரு."

நான் ஆமாம் என்றேன். அவள் இறங்கிப் போனாள்.

கொட்டிய ஆறு பக்கங்களையும் ஸ்டாக் திரும்பக் கோத்தான். மெய்ப்பை நான் பார்த்தேன். பிழை இல்லை. 'வின்மோர் குடும்பம்' இரண்டாம் பதிப்பு மே மாதம் இரண்டாம் தேதி வெளிவந்தது. எழுநூற்றைம்பது பிரதிகள். கல்யாணம் மூன்றாம் தொகுதியின் 214ஆம் பக்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை ஜான் ஹாப்ஸ்.