காயாத ரேகை

அரிகிருஷ்ணன் ஆல்பத்தை இறந்த அண்ணன் ஜெயராமனின் கைக்கடியில் செருகப் பார்த்தார். விறைத்த கை இடம் தரவில்லை. மார்பின்மேல் வைத்துவிட்டு அண்ணன் மகள் கலைமதியைப் பார்த்தார்.

"உங்க நைனா உசுரே இதுலதான் இருந்துச்சு. கூடவே போவட்டும்."

ஆசைப்பட்ட பொருளைப் பாடையோடு அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். தாத்தாவோடு வெற்றிலைப்பெட்டி எரிந்தது. ஜெயராமனோ ஊரில் இல்லாத ஆசைக்காரர். ராஜகிரிக் கோட்டையில் படப்பிடிப்பு என்றால் கதாநாயகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சிரிப்பு நடிகரைத் தேடி ஓடுவார். நாடக நோட்டீஸ், பஸ் டிக்கெட், சிகரெட் அட்டை என்று எதிலாவது கையெழுத்து வாங்கி வந்து ஆல்பத்தில் ஒட்டுவார். அது எரிந்துபோனால் நைனாவின் சிரிப்பும் போய்விடும் என்று கலைமதிக்குத் தோன்றியது. நாலு பேர் நடுவே சித்தப்பாவை எதிர்த்துப் பேசத்தான் வாய் வரவில்லை.

அப்போது அவலூர்பேட்டை ஆட்டோவிலிருந்து ஒரு கிழவர் இறங்கினார். நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிய விநாயகம். நைனா வருஷக்கணக்காய் நடையாய் நடந்தும் கையெழுத்துத் தராதவர். தலைக்கனம் என்று நைனா திட்டுவார்.

விநாயகம் மாலையைப் போட்டுவிட்டு ஆல்பத்தைத் தொட்டார்.

"நாளைக்கி நாளைக்கின்னே ஓட்டிட்டேம்மா. எனக்கு எழுத வராது. ரேகை வெச்சா சிரிச்சிடுவாரோன்னு வெக்கம்."

ஊரையே சிரிக்க வைத்த மனிதர் ஒரே ஒரு சிரிப்புக்குப் பயந்திருக்கிறார்.

கலைமதி ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். மேலே நைனாவின் எழுத்தில் விநாயகத்தின் பெயர். கீழே வெறும் தாள். உள்ளே ஓடி, மகளிர் குழுவின் ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்தாள். கிழவர் கட்டைவிரலைப் பதித்து, நெடுநேரம் அழுத்தினார். மை திட்டாய் நின்றது.

பறை ஓங்கியது. அரிகிருஷ்ணன் கையை நீட்டினார்.

"குடும்மா. நேரமாவுது."

"மை காயல சித்தப்பா. மூடுனா ஒட்டிக்கும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் நடுங்கவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பாடையின் முன்கழிக்குப் போனார்.

ஊர்வலம் தெரு திரும்பியது. வாசலில் கலைமதி ஆல்பத்தை வெயிலுக்குக் காட்டியபடி நின்றாள். விநாயகம் குனிந்து, இரண்டு கன்னங்களையும் பூசணியாய் உப்பவைத்துக்கொண்டு தன் ரேகையை ஊதினார். கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அதை அடக்கவில்லை.