திட்டுக்காக ஒரு இடி

சதுரங்கப்பட்டினத்துக் கால்வாய்த் துறையில் சாலமோனின் படகு, இரண்டு படகுகளுக்கு நடுவே நுழைய வேண்டும். பாய்மரப் படகாயிருந்த அதற்கு எழுபத்து நாலாம் வருஷம் மோட்டார் வைத்ததிலிருந்து, ரிவர்ஸ் போட்டால் அதன் பின்புறம் இடப்பக்கம் ஓடும். கரையிலிருந்து மனைவி சாராள் கத்துவாள்.

"யோவ், வால் ஓடுது பாரு! பொடனியிலதான் கண்ணு இல்ல, மூஞ்சிலயுமா இல்ல?"

அந்தக் குரலுக்கு அச்சரப்பாக்கத்து வண்டிமாடுகளே பின்வாங்கியது ஊரறிந்த உண்மை.

அவளைப் புதைத்த மறுவாரம் சாலமோன் ஒரு கீறலில்லாமல் படகை நுழைத்தான். கரையில் சத்தமே இல்லை. யாராவது திட்டட்டும் என்று மறுபடி வெளியே எடுத்து, பக்கத்தில் நின்ற மதார் சாகிப்பின் படகில் இடித்தான். பலகை பிளந்தது.

வழியில் போகும் நண்டைக்கூட ஏழு தலைமுறைக்குத் திட்டுகிற மதார் சாகிப் எட்டிப் பார்த்தார்.

"பரவால்ல அண்ணாத்த," என்றார் மெதுவாக. "கயித்தப் போடு, நான் கட்டறேன்."

சாலமோன் மோட்டாரை அணைத்துவிட்டு அழுதான்.