வண்டி நிற்பதற்குள்

"இது தானா கெட்டதில்லைங்க, கெடுத்தது," என்றார் பட்டறைக்காரர், சாவியை நீட்டியபடி. "வண்டி பின்னால உருண்டுக்கிட்டு இருக்கும்போதே லீவரை முன்னால போறதுக்குத் தள்ளியிருக்காங்க. முழுசா நின்ன பிறகுதான் மாத்தணும். ஸ்டியரிங்கையும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, அப்படியே முறுக்கிப் பிடிச்சிருக்காங்க. ஸ்டியரிங் பம்பு சூடாகி முனகாம என்ன செய்யும்? கொஞ்சம் தளர்த்தி விடணும். இப்ப சரி பண்ணிட்டேன். இதே பழக்கம் நீடிச்சா கியர்பாக்ஸையே இறக்க வேண்டியதுதான்."

அண்ணனான பெரியவரும் தம்பியும் ஒரே நேரத்தில் சின்னவளைத்தான் பார்த்தார்கள். தம்பி மனைவி. ஓட்டக் கற்று இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் மனைவியான பெரியவளை யாரும் பார்க்கவில்லை. கிளட்ச் வைத்த வண்டியிலேயே கை பழகியவள் அவள். லாரிகளுக்கு நடுவே புகுந்து வருவாள். "அண்ணி ஓட்டினா நான் பின்னால தூங்கிடுவேன்" என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். இந்த ஆட்டோமேட்டிக் வண்டி வந்த பிறகும் அவள் கை பழைய கைதான். கேட்டிலிருந்து பின்னால் வருகிற வேகத்திலேயே ஸ்டியரிங்கை ஒரே ஒடிப்பாக ஒடிப்பாள். வண்டி நிற்பதற்குள் லீவரைத் தள்ளுவாள். 'டக்' என்று ஒரு குலுக்கல். பட்டறைக்காரர் சொல்லும்வரை அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தாள்.

சின்னவளோ பிரேக்கை மிதித்து, நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் லீவரைத் தொடுவாள். "அதுகிட்ட உத்தரவு வாங்குறியா?" என்று பெரியவளே கிண்டல் செய்ததுண்டு.

"சாவி இனிமே எங்கிட்ட இருக்கட்டும்," என்றார் பெரியவர். "கோபமில்லம்மா. கொஞ்ச நாளைக்கு பஸ்ல போ."

சின்னவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடிவதற்கு முன் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் தலையாட்டினாள்.

பெரியவள் வாயைத் திறந்தாள். "காபி ஆறிப்போச்சு, வேற போடட்டுமா?" என்றுதான் வந்தது.

மறுநாள் மாலையும் அதற்கடுத்த நாள் மாலையும் சின்னவள் கால் வீங்கித் திரும்பி வந்தாள். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன்க்கா. நான் நிறுத்திட்டுத்தான் மாத்தின மாதிரி இருக்கு. ஆனா நானாத்தான் இருக்கும். எனக்கே தெரியாம செஞ்சிருப்பேன் போல."

காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவளின் கத்தி நின்றது. பழியைப் போட்டதோடு நிற்கவில்லை. அவளுடைய கையையே அவள் நம்பாதபடி செய்தாயிற்று.

கத்தியை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். "வண்டியைக் கெடுத்தது நான்," என்றாள்.

கொழுந்தன் சிரித்தான். "போதும் அண்ணி, அவளுக்கு வக்காலத்து வாங்க வேணாம்."

"உண்மையைச் சொல்றேன்டா."

"பாத்தியா?" என்று பெரியவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "உனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்குறா. இந்த மனசு யாருக்கு வரும்?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. கணவரின் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தாள்.

"எல்லாரும் வெளியில வாங்க."

வண்டியைக் கிளப்பினாள். தினமும் எப்படி எடுப்பாளோ அப்படியே பின்னால் எடுத்தாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பிடித்தாள்; முன்பக்கத்திலிருந்து அந்த முனகல் எழுந்தது. சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே லீவரைத் தள்ளினாள். 'டக்.' வண்டி முதுகில் அடிபட்டதுபோல் குலுங்கியது.

"ஐயோ, நிறுத்து, நிறுத்து!" என்று பெரியவர் ஓடி வந்தார். "இப்பத்தான் பட்டறையிலிருந்து வந்திருக்கு!"

"இப்ப நம்புறீங்களா?"

கொழுந்தன் எங்கோ பார்த்தான். பெரியவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்து என்னவோ ஒன்று இறங்கிப் போனதை அவள் கண்ணாலேயே கண்டாள். சொல்லாமல் இருந்ததெல்லாம் அதற்குப் பயந்துதான்.

சின்னவள் ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்தாள்.

"அன்னைக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நான் பஸ்ல நின்னுக்கிட்டே போனப்பவும்?"

"அப்பவும்."

'பரவாயில்லக்கா' என்பாள் என்று ஒரு நொடி காத்திருந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. அதை எதிர்பார்த்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

"இறங்குங்க," என்றாள் சின்னவள். "ரோட்டுக்குக் குறுக்கே நிக்குது. நான் உள்ள விடுறேன்."

பெரியவள் இறங்கி, கேட்டை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.