அத்தி மரத்துக் கொப்பி

கணவர் சிவானந்தனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது அவர் குறிப்பெழுதும் கொப்பியால்தான் என்று தெரிந்ததும் அருந்ததி நேரே பொலிஸுக்குப் போகவில்லை. முதலில் வெள்ளவத்தைக் கால்வாய்க்கரை அத்தி மரத்தடிக்குப் போனாள். பழுக்கத் தொடங்கிய காய்களாகப் பார்த்து ஏழெட்டைப் பறித்துக் கைப்பையில் போட்டாள். பாலத்துச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணவர் தாவரவியல் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு வருடமாக, காலையில் அந்த மரத்தடியில் நின்று குளவிகளை எண்ணுவார். கடிக்கிற நுளம்பிலும் சிறிய குளவி. அத்தியின் பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பதால், அது நுழைந்தால்தான் மகரந்தம் சேரும். அதன் குஞ்சுகளுக்கும் அந்தக் காயை விட்டால் வேறு இடமில்லை. நேற்றுக் காலை அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பிடித்தார்கள்.

நிலையத்தில், தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் ஹமீட் இன்ஸ்பெக்டரின் மேசையில் கொப்பியை விரித்தார்.

“மிஸ், ‘ஆறு பத்து. பெண் ஒன்பது உள்ளே. திரும்பவில்லை’ன்னு எழுதி ஈக்கிது. யாரு இந்தப் பொம்புளயள்?”

“பூச்சி.” அருந்ததி அந்த வரியில் விரலை வைத்தாள். “பெண் குளவி. காய்க்குள்ள போனா வராது. முட்டை இட்டிட்டு அங்கயே செத்துப்போகும்.”

ஹமீட் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவள் கைப்பையைத் திறந்தாள். காய்களை மேசையில் வைத்து ஒரு கத்தி கேட்டாள். கேட்ட பிறகுதான் எங்கே நின்று கேட்டோம் என்று உறைத்தது. ஹமீட் ஓரடி முன்னால் வந்தார். நகத்தாலேயே பிளந்தாள். முதற்காயில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வெறும் புழு. மூன்றாவதிலிருந்து, உடம்பெல்லாம் பூந்தூளோடு சின்னஞ்சிறு குளவிகள் ஊர்ந்து வந்து மேசையில் பரவின.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். “அட்டிக்கா,” என்று அத்தியைச் சிங்களத்தில் சொன்னார். ஊரில் சின்ன வயதில் பூச்சியை ஊதிவிட்டுத் தின்ற பழமாம். குரல் இளகியிருந்தது. ஆனால் ஒன்பது பெண்கள் நகருக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று நேற்றே மேலே அறிக்கை போய்விட்டது. அங்கிருந்து பதில் வராமல் தன்னால் விட முடியாது என்றார். வேண்டுமானால் இரண்டு நிமிடம் பார்க்கலாம்.

சிவானந்தனைக் கதவு வரை கொண்டுவந்தார்கள். சேட்டுப் பொத்தான்கள் துளை மாறிப் பூட்டியிருந்தன.

“சாப்பிட்டனீரோ?” என்று அவர்தான் கேட்டார்.

“ஓம்,” என்று பொய் சொன்னாள்.

“பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் எண்டு சொல்லும்.”

தலையாட்டிக்கொண்டே பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் பூட்டத் தொடங்கினாள். அவர் அவளுடைய கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தார். ஹமீட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது பொத்தானுக்குக் கீழே தோல் கன்றியிருந்தது; அவளுடைய விரல்கள் அப்படியே நின்றன.