வேகமாக இறங்கிய தண்ணீர்

சிரித்துக்கொண்டே "வாங்கக்கா" என்று கூப்பிடும் கடைக்காரனை நான் நம்புவதே இல்லை. போடி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜெபகுமார் அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னத்த வாங்கக்கா? எம்மகன் நாலு வயசுப் புள்ள, வயித்தால போயி ஆசுபத்திரியில குளுக்கோஸ் ஏறுது. தண்ணிதேன் காரணம்னு டாக்டரு சொல்லிட்டாரு. எல்லாம் நீ வித்த டூப்ளிகேட்டு கேண்டிலால!" பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

தண்ணீர் வடிகட்டும் ஸ்டீல் டிரம்முக்குள் வெள்ளையாகப் பீங்கான் குழாய் நிற்குமே, அதுதான் கேண்டில். மலையில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் எனக்கு வேலை. அங்கே குடிக்க ஓடைத் தண்ணீர்தான். மூன்று மாதம் முன்னால் இவனிடம் இதை வாங்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அட்டைப் பெட்டியில் எழுத்தெல்லாம் மங்கல். கேட்டதற்கு வெயில் பட்டது என்றான். வெயில் இவன் கடைக்குள் எப்படி வரும்?

"ஒரிஜினல்க்கா அது. கத்தாதீங்க, யாவாரம் நடக்குற எடம்."

"கத்தத்தேன் செய்வேன். சனங்க கேக்கட்டும்!"

கேட்டார்கள். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். குக்கர் பார்த்துக்கொண்டிருந்த அம்மா அதை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் திருப்தியாக இருந்தது, பொய் சொல்லுவானேன்.

அவன் உள்ளே போனான். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்தான். கேண்டிலின் அடியில் ரப்பர் டியூபை மாட்டி, தண்ணீருக்குள் முக்கி, டியூபில் ஊதினான். என்ன வித்தை காட்டுகிறான் என்று குனிந்து பார்த்தேன். பீங்கானும் அடிமூடியும் ஒட்டும் இடத்தில் மளமளவென்று குமிழி வந்தது.

"பசை விட்டுருச்சுக்கா. தண்ணி வடியாம இந்தச் சந்து வழியா நேரா எறங்கிருக்கு. கொஞ்ச நாளா வெரசா எறங்குச்சா?"

இறங்கியது. முன்பு ஒரு குடம் வடிய ராத்திரி முழுக்க ஆகும். பத்து நாளாக உலை கொதிக்கும் முன்பே இறங்கிவிடும்.

"பாத்தியா, பசையே மட்டம்!" என்றேன். விடுவேனா?

அவன் கேண்டிலை முகர்ந்தான். "ஏலக்கா வாசம் அடிக்குதே. எங்கக்கா வச்சிருந்தீங்க?"

"பாசி புடிச்சிருந்துச்சு. தேச்சுக் கழுவி, வெரசாக் காயட்டும்னு ஸ்டோர்ல தட்டுல வச்சு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. பச்சைக் காயை ஒரே ராத்திரியில் காயவைக்கும் சூடு அது. நெளிந்துவிடும் என்று ரப்பர் செருப்பைக்கூட நான் அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை. அந்தச் சூட்டில் பசை இளகும் என்று எனக்கா தெரியாது?

"பையன் இப்ப எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்டான் ஜெபகுமார். அதற்குப் பதில் அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. காயவைத்ததும் தண்ணீர் வேகமாக இறங்குகிற பெருமையை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான் சொல்லாத வீடில்லை. பக்கத்து வீட்டு ரோஜா, கைக்குழந்தைக்காரி, தன் கேண்டிலையும் என்னிடம் கொடுத்து, "எனக்கும் காயவச்சுக் கொண்டாக்கா" என்றாள். நான்தான் காயவைத்துக் கொடுத்தேன். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைக்குச் சங்கில் புகட்டுகிறாள்.

கடை வாசலிலேயே நின்று போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் மலையில் சிக்னல் கிடைத்தது.

"ரோஜா, அந்தக் கேண்டில் தண்ணியக் கீழ ஊத்திரு. புள்ளைக்குக் குடுத்துறாத."

"ஏங்க்கா? நீ சொன்ன மாதிரி கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

கூடியிருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் இல்லடி" என்றேன். "நாந்தேன்."