மணக்கோலக் கிடாயும் வன்புல்லும்

ஆண்டீசுப் பெருமலையின் தோள்மீது, முகில்களும் ஏறி இளைப்பாறும் உயரத்தில், கதிரவன் இன்னும் முழுதெழாத உறைபனிக் காலையில், இச்சுப் புல் விரிந்த மேட்டுநிலம் பொன்னூசிகளை நட்டுவைத்தாற்போல் விறைத்து நின்றது. கல்லடுக்கிய பட்டிகளிலிருந்து வெளிப்பட்ட அல்பாக்கா மந்தைகள், தம் மூச்சின் வெண்புகையைத் தாமே கிழித்துக்கொண்டு சரிவேறின. சமவெளியிலிருந்து வருபவன் அங்கே பத்தடி நடப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவான். அவ்விலங்குகளோ, நெல்மணிபோல் நீண்ட நுண்துகள்கள் நெருங்கியோடும் குருதியால், மெலிந்த காற்றிலிருந்தும் உயிர்ப்பைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு, பிளந்த மேலுதட்டை இரு விரல்போல் இயக்கிப் புல்லைத் தேர்ந்து, மெத்தென்ற அடிகளால் வேர் நோகாமல் நடந்தன.

அத்தகைய நிலத்தில், பசிலியா என்பாளின் பட்டியில் மட்டும் அவிழாத புதிர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முகில் என்னும் பொருள்படப் ‘புயு’ என்று அவள் பெயரிட்டிருந்த வெண்கிடாய், ஆவலோடு தொட்டிக்கு ஓடிவந்தது; வாய்நிறையக் கவ்வியது; பாதியை நழுவவிட்டது; மீதியை நெடுநேரம் மென்றது; ஆயினும் நாளுக்குநாள் எலும்பாயிற்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சாணத்தில் புழுவும் இல்லை. நாற்பது பெட்டைகளுக்கு அது ஒன்றே பொலிகிடாய். மழை இறங்குமுன் அது தேறாவிடில் வரும் ஆண்டு குட்டிகள் இல்லை. அவ்வீட்டாருக்கோ மந்தையை விட்டால் வேறு வாழ்வில்லை.

சென்ற மழைக்காலத் திருவிழாவில், அவ்வூர் வழக்கப்படி, புயுவையும் அதனோடு ஒரே ஆண்டில் பிறந்த பெட்டை ஒன்றையும் மணமக்களாக நிறுத்தி, காதுகளில் செந்நூற் குஞ்சம் கோத்து, நிலத்தாய்க்குச் சிச்சா மது வார்த்து வாழ்த்தியிருந்தனர். குஞ்சம் அணிந்த மணமகன் அடுத்த மழைவரை இச்சு என்னும் வன்புல் மேயலாகாது என்று முறை சொன்னவள் பசிலியாவின் நாத்தனார் தெயோபிலா. ஆகவே பள்ளத்தாக்கிலிருந்து குதிரைமசால் என்னும் மென்தீவனக் கட்டுகள் கழுதைமேல் ஏறிவந்தன. கிடாய் இளைக்க இளைக்க, இரக்கம் மிகுந்து, உணவையும் மென்மையாக்கிக்கொண்டே போனார்கள்: முதலில் தண்டு, பின் தளிர், பின் வாற்கோதுமைக் கூழ். மணமகளோ திருவிழாவின் மறுநாளே மந்தையோடு மேயப் போய்விட்டது.

அன்று காலை, பொறுத்தது போதும் என்று தெயோபிலா தீர்த்துச் சொன்னாள்.

“இன்னைக்கே அறுத்துருடா தம்பி. இன்னும் நாலு நாள் போச்சுன்னா உப்புக்கண்டம் போடக்கூடக் கறி தேறாது.”

பசிலியாவின் கணவன் நிக்கானோர் மனமின்றிக் கத்தியைத் தீட்டினான். “அதுக்கு ஊத்துன கூழை நான் குடிச்சிருந்தா இந்நேரம் நல்லாத் தேறியிருப்பேன்க்கா.”

“இருக்கிற உடம்பே போதும். சுமக்கணுமேன்னு பயந்து, உன்னைப் பாத்தாலே கழுதை தலையைத் திருப்பிக்குது.”

கத்திக்குமுன் விலங்கின் வாயில் கோக்கா இலை மூன்றை வைத்து விடைகொடுப்பது அம்மலை மக்களின் மரபு. பசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலைகளை வைத்தாள். அவை வழுக்கி விழுந்தன. மீண்டும் வைத்தாள், மீண்டும் விழுந்தன.

“பாத்தீங்களா, நிலத்தாயே வேணாங்கிறா!” என்று நிக்கானோர் கத்தியைத் தாழ்த்தினான்.

“அவ ஒண்ணும் சொல்லல. இதோட வாய் மூடவே இல்ல. கொஞ்சம் புடிங்க, பாப்போம்” என்றாள் பசிலியா.

அல்பாக்காவிற்கு மேற்புறத்தில் முன்பற்கள் கிடையா. தோல்போல் தடித்த ஈறே உண்டு. கீழ்ப்பற்கள் கத்தியாகவும் அவ்வீறு பலகையாகவும் அமைந்து, இரண்டும் சந்திக்குமிடத்தில் புல் அறுபடும். புயுவின் உதட்டை விலக்கியபோது, அந்தப் பற்கத்தி ஈற்றுப்பலகையைக் கடந்து, கட்டைவிரல் அகலம் வெளியே நீண்டு நின்றது. பசிலியா எழுந்து சரிவில் ஓடினாள். செங்குஞ்சம் ஆட மேய்ந்துகொண்டிருந்த மணமகளைக் கழுத்தோடு அணைத்து உதட்டைத் தூக்கினாள். அங்கே பற்கள் ஈறோடு ஈறாக, உளியால் செதுக்கியதுபோல் பொருந்தியிருந்தன.

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டுக்கும் ஏன் இந்த வேறுபாடு? மூச்சிரைக்கத் திரும்பியவளின் பார்வை, பட்டிச் சுவரில் செருகியிருந்த தன் அரிவாளில் தங்கியது. கூரை வேய இச்சுப் புல் அறுக்கும் நாளில் அதனை மும்முறை சாணை பிடிக்கவேண்டும். குதிரைமசால் அறுக்கும் நாளில் மாலைவரை கூர் மழுங்காது.

“மதினி, இச்சுப் புல்லுக்குள்ள மணல் மாதிரி ஏதோ இருக்கு. இரும்பையே தின்னுது, பல்லைத் தின்னாதா? தேயும்னு தெரிஞ்சுதான் இதுங்களுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கு. நாம தேய விடல. அதான் நீண்டுபோச்சு.”

“அப்போ நான் சொன்ன முறை தப்புங்கிறியா?”

“பொண்ணை மறுநாளே வேலைக்குத் தொரத்துனோம், அது கொழுத்து நிக்குது. மாப்பிள்ளைய உக்காரவெச்சு ஊட்டுனோம், சாகக் கெடக்கு. நீங்களே சொல்லுங்க.”

தெயோபிலா குனிந்து கிடாயின் உதட்டை விலக்கி, நீண்ட பல்லை விரலால் தடவினாள். பிறகு, “எல்லா வீட்டு மாப்பிள்ளையும் அப்படித்தான்டி” என்று தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். “பல்லை வெட்டுனா செத்துராதே?”

“விட்டாலும் சாகத்தானே போகுது மதினி?”

நிக்கானோர் கத்தியை வீசிவிட்டு, மூட்டை கட்டும் முறுக்குக் கம்பியைக் கொணர்ந்தான். தெயோபிலா தலையை மடியிலிட்டு இறுக்கிக்கொள்ள, கணவனும் மனைவியும் கம்பியை இருபுறமும் மாறிமாறி இழுத்து, ஈற்றின் விளிம்பளவு வரை நீண்ட நுனியை மட்டும் அறுத்தனர். எரிந்த கொம்பின் வீச்சம் எழுந்தது. குருதி ஒரு துளியும் வரவில்லை. விடுபட்ட புயு, சினந்து நிக்கானோரின் முகத்தில் பச்சையாகத் துப்பிவிட்டுச் சரிவுக்கு ஓடிற்று. அங்கே அது ஓர் இச்சுக் கற்றையைக் கவ்வித் தலையை அசைத்தபோது, ‘நறுக்’ என்னும் ஒலி காலைக் காற்றில் தெளிவாகக் கேட்டது. பசிலியா ஓடிப்போய் அந்தப் புல்தாளைத் தொட்டுப் பார்த்தாள்: பறிபடவில்லை, அறுபட்டிருந்தது. அவ்விடத்திலேயே முழந்தாளிட்டு, சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வர, நெஞ்சில் பலநாள் தங்கிய மூச்சை வெளிவிட்டாள்.

இருபது நாளில் முதுகெலும்பு கம்பளிக்குள் மறைந்தது. முதல் மழைக்குள் கிடாய் பெட்டைகளைத் துரத்தத் தொடங்கிற்று.

படிப்போரே, ஒரு நிலம் தன் உயிர்களுக்கு வைத்த கடுமையை நாம் கொடுமையென்று எண்ணி விலக்கும்போது, அக்கடுமையை நம்பியே அமைந்த உறுப்பும் தன் அளவை இழந்துவிடுகிறது. பசிலியாவின் ஊரில் இன்றும் கிடாய்க்குக் குஞ்சம் கட்டுகிறார்கள். பல் நீண்டிருந்தால் ஈறளவுக்கு அறுக்கிறார்கள். பிறகு மணமகனையும் மறுநாளே வன்புல்லில் மேயவிடுகிறார்கள்.