ஓட்டைப் பெட்டி

பேக்கரிக்காரியின் மச்சினனை எல்லோரும் 'மலிவு' என்றுதான் கூப்பிடுவார்கள். அடிமாட்டு விலைக்கு எது கிடைத்தாலும் வாங்கிவிடுவான். அது தேவையா என்று யோசிப்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்படித்தான் அண்ணியின் கடைக்கு ஓர் அறை நிறைய அட்டைப்பெட்டிகளை வாங்கி அடுக்கினான். மூடியில் பிளாஸ்டிக் ஜன்னல் ஒட்டிய, பளபளப்பான பெட்டிகள்.

அடுத்த மாதமே நகராட்சி புது விதி போட்டது. பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை மறுசுழற்சிக்கு ஆகாது. அதில் பொருள் விற்கும் கடைகள் மாதாமாதம் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

"அதைக் கட்டினா மாவு வாங்க முடியாது. வேற பெட்டி வாங்கவும் வழியில்ல. இந்த மாசத்தோட கடையை மூடிட வேண்டியதுதான்," என்றாள் அண்ணி. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். திட்டாமல் சொன்னாளே, அதுதான் அவனைக் கொன்றது.

ஜன்னலைப் பிய்த்துப் பார்த்தான். அட்டையும் சேர்ந்து கிழிந்தது. கோபத்தில் பெட்டியைக் கொதிக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் வீசினான். சற்று நேரத்தில் ஆவி பட்டுப் பசை இளகி, பிளாஸ்டிக் தானாகவே சுருண்டு வந்தது. மலிவு துள்ளிக் குதித்தான்.

"சரிடா, ஓட்டைப் பெட்டியில யார் வாங்குவா?"

"உள்ள மெல்லிசா ஒரு தாள் விரிச்சா தூசி படாது அண்ணி. இன்னிக்கு ஆஸ்பத்திரி ஆர்டரை இதுல கொண்டுபோறேன்."

சூடான பன்களோடு பஸ் ஏறினான். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் ஓட்டை வழியாக வாசனை பஸ் முழுக்கப் பரவிவிட்டது. தூங்கியவர் எழுந்து உட்கார்ந்தார். டிரைவரே திரும்பிப் பார்த்தார். "எந்தக் கடைப்பா?" என்று ஆளாளுக்குக் கேட்க, தொண்டை வற்றும்வரை வழி சொன்னான். இத்தனை நாளும் அந்தப் பிளாஸ்டிக், பன்னைக் காட்டிவிட்டு வாசனையைப் பூட்டி வைத்திருக்கிறது!

மறுநாள் வாசலில் கூட்டம். "அந்த ஓட்டைப் பெட்டிக் கடை இதுதானே?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். குப்பை வண்டிக்காரர்கூடப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெறும் அட்டை. இதுக்குக் கட்டணம் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு பெட்டி கேட்டார்.

கூட்டம் குறைந்ததும் அண்ணி நேரே பெட்டி அறைக்குள் போய் நின்றாள். மலிவும் பின்னாலேயே போனான்.

"ஏன்டா," என்றாள் அவள், "இவ்வளவுதான் வாங்கினியா?"